குவைத் பாட்டில்

அடுகோடி, பெங்களூர்
11.2.1997

பாகீரதிக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய பெட்டியைத் திறந்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். உன் மகள் மகா இருந்தாள். உன் தம்பி முனிராஜ் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை லேத்துப் பட்டறை லீவு. அவன் பெண்டாட்டி ஜெயலட்சுமி, அவளுக்கும் கார்மென்ட்ஸ் லீவு. குவைத்திலிருந்து பெட்டியைக் கொண்டுவந்த டிரைவர் சுனில். அப்புறம் பக்கத்து வீட்டு நோரா. அவளை யாரும் கூப்பிடவில்லை. பெட்டி வந்த சத்தம் கேட்டு வந்தாள்.

கம்பளியும் பால் பவுடரும் சோப்பும் கோடாலித் தைலமும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. ஜெயலட்சுமிக்கு நீ அனுப்பிய சேலையை அவள் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, கலர் கொஞ்சம் டல்லாக இருக்கிறது என்றாள். அதை மறக்க மாட்டேன்.

அடியில் துணி சுற்றி ஒரு பழுப்பு நிறப் பாட்டில் இருந்தது. “பாப்பாவோட ஃபிட்ஸுக்கு அக்கா குடுத்தாங்க, மேடம் வீட்டுப் பையனுக்குக் குடுத்த மருந்து” என்று சுனில் சொன்னான். பாட்டில் கைமாறிக் கைமாறிப் போனது. முனிராஜ் குலுக்கிப் பார்த்தான். ஜெயலட்சுமி மோந்து பார்த்தாள், மூடி திறக்காத பாட்டிலில் என்ன வாசனை வரும் என்று தெரியவில்லை. மகா பளபளவென்று இருக்கிறது என்று கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நோரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்ல கம்பெனி” என்று சொல்லிக் கீழே வைத்தாள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் இப்போதெல்லாம் இங்கே அவ்வளவுதான் பேசுவாள். மகா முதன்முதலாக விழுந்தபோது மெடிக்கல் ஷாப் பெருமாள்சாமி பூச்சி மாத்திரை கொடுத்தான், நான் தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டி வந்தேன். இவள் குழாயடியில் நாலு பேர் முன்னால், “கயிறெல்லாம் வேணாம்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க” என்றாள். “பீ பாத்திரம் கழுவுறவ எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாளா?” என்று கேட்டேன். நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்ப்பவளை வேறு என்னவென்று சொல்வது? கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், அது வேறு விஷயம். என் பிள்ளை முனிராஜ் சொல்லித்தான் போனோம்.

மருந்தை அலமாரி மேல் வைத்துவிட்டேன். கொடுக்கப் போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பார்கவி டாக்டர் வெள்ளை மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, “ஒந்து தினவூ பிடபாரது அம்மா” என்று விரலை ஆட்டிச் சொன்னாள். ஒரு நாள்கூட விடக் கூடாதாம். நான் விட்டதில்லை. எனக்கு அந்தப் பெண்ணின் விரல் கண்ணிலேயே நிற்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா, பாஞ்சாலி.


சால்மியா, குவைத்
24.2.1997

அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் பாத்ரூமில் போய் அழுதேன், இங்கே அழ வேறு இடம் இல்லை.

நான் எத்தனை கஷ்டப்பட்டு அந்த மருந்தை வாங்கினேன் தெரியுமா? மேடத்தின் சின்னப் பையனுக்கும் மகா மாதிரியே வலிப்பு இருந்தது. அவன் இந்த மருந்தைத்தான் குடித்து வளர்ந்தான். இப்போது பெரிய பையன், மாத்திரை போடுகிறான், கால்பந்து ஆடுகிறான், கம்ப்யூட்டர் படிக்கிறான். அலமாரியில் திறக்காத பாட்டில்கள் மிச்சம் இருந்தன. மேடத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். எடுத்துக்கோ என்று சைகை காட்டினார். நான் திருடவில்லை அம்மா.

என் பிள்ளை கிளாஸில் தூங்கி விழுகிறாள் என்று மிஸ் சொன்னதை நீயே எழுதியிருந்தாய். அந்த வெள்ளை மாத்திரை மூளையை மந்தமாக்குகிறது. அரசாங்க மாத்திரை வேறு எப்படி இருக்கும்? நீ அதையே கொடுத்து அவளை ஒரு மூலையில் உட்கார வைக்கப் போகிறாயா? வயசுக்கு வந்தபிறகு யார் கட்டுவார்கள்?

இங்கே யார் வீட்டுத் தரையையோ துடைக்கிறேன். எதற்கு? அவளுக்குத்தான். அவளைப் பெற்றது நான். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடு. ரெண்டையும் சேர்த்துக் கொடுக்காதே, சூடு ஏறிவிடும். மூடியில் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோடு வரை காலையும் இரவும். மேடம் அப்படித்தான் கொடுத்தார், நான் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வதை இந்த ஒருமுறை கேள்.

பாகீரதி.


அடுகோடி
14.3.1997

பாகீரதிக்கு,

பெற்றவள் நீ என்று எழுதியிருந்தாய். சரி. பெற்றவள் சொன்னபடியே செய்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டுக் குவைத் மருந்தைக் கொடுத்தேன். மிச்ச மாத்திரைகளைத் தூக்கிப் போடவில்லை, போர்ன்விட்டா டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகவேண்டிய நாளும் வந்து போய்விட்டது. போனால் பார்கவி டாக்டர் கேட்பாள். நான் என்ன சொல்வது? பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் போகவில்லை.

மகா இப்போது தூங்குவதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். சந்தில் பிள்ளைகளோடு ஓடுகிறாள். முன்பெல்லாம் சாப்பிடும்போதே கண் சொருகும், இப்போது வாயைத் திறந்தால் மூடுவதில்லை. மிஸ்ஸே முனிராஜைக் கூப்பிட்டு, பிள்ளை தெளிவாகிவிட்டாள் என்றார்களாம். ஜெயலட்சுமி அதைத் தன்னால்தான் நடந்தது போலத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் மட்டும் தூங்குவதில்லை. இருட்டினதும் அவள் பக்கத்தில் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். விரல் லேசாகத் துடித்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இரும்புச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்றுச் சாப்பிடும்போது அவள் கையிலிருந்த டம்ளர் தானாகத் துள்ளிக் கீழே விழுந்தது. “யாரோ தட்டிட்டாங்க பாட்டி” என்றாள். பக்கத்தில் யாரும் இல்லை.

அதற்கு முந்தின நாள் நோரா மதில் ஓரத்தில் நின்று, “பாப்பாவுக்குத் தூக்கம் போயிடுச்சே, மாத்திரைய நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டாள். “குவைத் மருந்து வேலை செய்யுது, உனக்கென்ன?” என்றேன். உள்ளே போய்விட்டாள்.

நீ சொன்னபடிதான் செய்கிறேன் என்பதை இதில் எழுதி வைக்கிறேன்.

அம்மா.


சால்மியா
28.3.1997

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை முந்தானையிலேயே வைத்திருக்கிறேன். மகா ஓடுகிறாள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிர் ஃபிளாட்டில் வேலை செய்யும் கேரலிடம்கூடச் சொன்னேன். கேரல் மங்களூர்க்காரி, அவளுக்கும் ஊரில் ஒரு பெண் இருக்கிறாள். ரெண்டு பேரும் குப்பைப் பையை வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தோம்.

நீ சும்மா பயப்படுகிறாய். டம்ளர் எல்லாப் பிள்ளைகள் கையிலிருந்தும்தான் விழும். உனக்கு எப்போதும் ஏதாவது கெட்டது நடக்கப் போகிறது என்றே இருக்கும். அப்பா செத்ததிலிருந்து இப்படித்தான்.

மகாவுக்குப் பச்சைப் பாவாடை போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஓடுகிற மாதிரி எடுக்க முடியுமா என்று ஸ்டுடியோவில் கேள். இன்னொரு பாட்டில் மேடத்திடம் கேட்டு வாங்கி என் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். சுனில் அடுத்த தடவை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். மருந்து தீர்ந்துவிடும் என்று பயப்படாமல் கொடு.

உன் மகள்,
பாகீரதி.


அடுகோடி
2.4.1997

பாகீரதி,

மகா பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

காலையில் ரிப்பன் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என் கையிலேயே விறைத்தாள். சாவியைக் கொடுத்தோம். எப்போதும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், நிற்கவில்லை. நின்ற மாதிரி இருக்கும், திரும்பவும் வரும். முனிராஜ் பட்டறைக்குப் போய்விட்டான். நோராதான் ஆட்டோவை மறித்துப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். ஓசூர் ரோடு முழுக்க லாரி. ஆட்டோவிலும் விடவில்லை.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது. கண் திறக்கவில்லை. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் திறக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் ரிப்பன் இருக்கிறது, அவிழ்க்க விடமாட்டேன் என்று நர்சிடம் சொல்லியிருக்கிறேன்.

முனிராஜ் போன் பூத்திலிருந்து உன் மேடம் வீட்டுக்குப் போட்டான். யாரோ என்னவோ பேசி வைத்துவிட்டார்கள். திரும்பப் போட்டான், எடுக்கவில்லை.

உனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கும்பிடு.


சால்மியா
13.4.1997

அம்மா,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீ எழுதி இத்தனை நாள் ஆகிவிட்டது. இத்தனை நாளும் நான் இங்கே சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பச்சைப் பாவாடை என்று எழுதினேன். அந்தக் கடிதம் அங்கே வந்திருக்குமே, யார் கையில் கிடைத்ததோ.

நீ இதைப் படிக்கும்போது மகா பக்கத்தில் இருக்கிறாளா? எனக்கு எப்படித் தெரியும்? இருக்கிறாள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். இல்லை என்றால் இதை யாருக்காக எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

ஊருக்குப் போகணும் என்று மேடத்திடம் கேட்டேன். பாஸ்போர்ட் மேடத்தின் வீட்டுக்காரர் பாபா கையில் இருக்கிறது, பாபா வெளிநாடு போயிருக்கிறார். வந்தபிறகு பேசலாம் என்கிறார். அன்றைக்குப் போன் வந்ததே, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தவறான நம்பர் என்று நினைத்தாராம். பிறகு அவர் பையனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். அவன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான்.

அந்த இன்னொரு பாட்டில் என் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அம்மா, அந்த மருந்தால்தானா? மறைக்காமல் எழுது. நான்தானா?

இங்கே கேரலின் அண்ணன் க்ளென் கடையில் போன் இருக்கிறது. நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். மகா கண் திறந்தால் மட்டும் அதற்குப் போடச் சொல். வேறு எதுவாக இருந்தாலும் போட வேண்டாம்.

பாகீரதி.


அடுகோடி
27.4.1997

பாகீரதிக்கு,

முனிராஜ் போன் செய்தான், க்ளென் உன்னிடம் சொல்லியிருப்பான். கண் திறந்துவிட்டாள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். ஆனால் போனில் சொல்லாததும் இருக்கிறது. வலது கை சரியாக வரவில்லை. வார்த்தை தேடித் தேடித்தான் வருகிறது. வரும், நாளாகும் என்று பார்கவி டாக்டர் சொல்கிறாள். எத்தனை நாள் என்றால் மேலே பார்க்கிறாள். இன்னும் வார்டில்தான் இருக்கிறோம். போட்டோ கேட்டு நீ எழுதிய கடிதம் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது வந்தது. அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். மறைக்காமல் எழுது என்றாய்.

கொண்டுவந்து சேர்த்த மறுநாள் டாக்டர், “ஏனு கொட்ரி? என்ன குடுத்தீங்க பிள்ளைக்கு?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் நோரா எழுந்து போனாள், எங்கள் வீட்டிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். டாக்டர் அடிப்பக்கம் பொடி எழுத்தைப் பார்த்தாள்.

“இதோட தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா. இதுல மருந்து எவ்ளோ மிச்சம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதோட, நல்ல மருந்தாவே இருந்தாலும் மாத்திரைய ஒரே நாள்ல இப்படி நிறுத்தலாமா? நான் சொன்னேன்தானே?” விரலை ஆட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முனிராஜ் சுவரில் சாய்ந்துவிட்டான். ஜெயலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நோரா முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

“அன்னைக்கே பாத்தியாடி?”

“பாத்தேங்க்கா.”

“ஜன்னல்கிட்ட வெச்சுப் பாத்துட்டு நல்ல கம்பெனின்னு சொன்ன.”

“கம்பெனி நல்லதுதான்கா. தேதிய சொல்லல.”

“ஏன்?”

“குழாயடில நீங்க கேட்டீங்களே. அன்னைக்கு வீட்டுக்குப் போய் மாதா படத்துமேல சத்தியம் பண்ணேன், இனி உங்க வீட்டு மருந்து விஷயத்துல வாய் தெறக்க மாட்டேன்னு. நீங்களும் குடுக்க மாட்டேன்னு அலமாரி மேல வெச்சுட்டீங்க. சரி, தப்பிச்சுதுன்னு நெனச்சேன்.”

“அப்புறம் மதில்கிட்ட வந்து மாத்திரைய நிறுத்திட்டீங்களான்னு கேட்டவ யாரு?”

கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று ஜெயலட்சுமி சொல்கிறாள். நான் பார்க்கவில்லை.

அம்மா.


சால்மியா
9.5.1997

அம்மா,

க்ளென் கடைக்கு ஓடிப்போய்க் கேட்டேன், கண் திறந்துவிட்டாள் என்றார். கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேரல்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கை விஷயம் உன் கடிதத்தில்தான் தெரிந்தது. வலது கைதானா? அந்தக் கையால்தான் எனக்கு எழுதுவாள்.

பெட்டியைத் திறந்து அந்தப் பாட்டிலைக் கேரலிடம் காட்டினேன். அவள் படித்தாள், அதே கதைதான். மேடத்துக்கும் தெரியாதாம். பையன் வளர்ந்தபிறகு அந்த அலமாரியை யாரும் பார்க்கவில்லை என்றார். வாரா வாரம் அந்த அலமாரியைத் துடைத்தவள் நான். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. வெளிநாட்டு மருந்து கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாது.

அதனால் நோரா அக்காவை விட்டுவிடு. அனுப்பியது நான். மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான். உன்னைக் கட்டாயப்படுத்தினதும் நான். அவர் ஆட்டோவைப் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும்?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அன்றைக்கு அவர் தேதி போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாயா? உண்மையைச் சொல்லு. ஒருமுறை சொன்னதற்கு நீ கொடுத்த பதில் தெரு முழுக்கத் தெரியும்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகாவிடம் நான் அனுப்பின மருந்து என்று சொல்லிவிட்டீர்களா?

பாபா வந்துவிட்டார். ஆகஸ்டில் அனுப்புகிறேன் என்கிறார்.

பாகீரதி.


அடுகோடி
25.5.1997

பாகீரதிக்கு அம்மா எழுதுவது.

வீட்டுக்கு வந்துவிட்டோம். மகா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இடது கையால் சாப்பிடுகிறாள். பழையபடி வெள்ளை மாத்திரை, அதோடு இன்னொன்று. பழையபடி தூங்குகிறாள். முன்பு அவள் தூங்கினால் எனக்குச் சங்கடமாக இருக்கும். இப்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். அது என்னைவிட்டுப் போகாது என்று நினைக்கிறேன். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால்கூட எழுந்து போய் அவளைப் பார்க்கிறேன்.

மருந்து யார் அனுப்பியது என்று அவளுக்குத் தெரியும். பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டவள்தானே. ஒன்றும் கேட்கவில்லை. அம்மா எப்போது வரும் என்று மட்டும் கேட்கிறாள், அந்த மூன்று வார்த்தைக்கு ரொம்ப நேரம் ஆகிறது. ஆகஸ்ட் என்று சொல்லியிருக்கிறேன். பொய்யாக்கிவிடாதே.

என் கையால் மாத்திரை கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். ஜெயலட்சுமி கொடுத்தாலும் அப்படித்தான். வார்டில் நோரா கொடுத்துப் பழகிவிட்டாள், இப்போது நோரா கொடுத்தால்தான் விழுங்குகிறாள். நர்சிங் ஹோமுக்குப் போகுமுன் ஒருமுறை வருகிறாள், திரும்பினதும் ஒருமுறை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பிய்க்கிறாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் படிக்கிறாள். நான் கதவைத் திறந்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன். டீ வைக்கச் சொல்லி ஜெயலட்சுமியிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது.

அவள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா என்று எழுதியிருந்தாய். ரொம்ப யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டியிருப்பேன். குழாயடியில் கேட்டதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். டீ டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் அவள் போனபிறகு அது என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்திருக்கும். எனக்கு எதுவும் மறக்காது, உனக்குத் தெரியும். உன் கடிதம் வந்தபோது ஞாபகம் வந்திருக்கும். யாருக்கும் சொல்லாமல் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு பார்கவி டாக்டரிடம் போயிருப்பேன். குழாயடியில் அவள் சொன்னதற்கும் அப்படித்தானே நடந்தது. முனிராஜை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னது நான்தான். அவன் சொன்னான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன்.

என்னிடம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஏற்கெனவே எத்தனையோ வாங்கியிருக்கிறாள். பிள்ளைக்காக இன்னும் ஒன்று வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவள், உன் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தாய். சுனில் கொடுத்ததைக் கொண்டுவந்தான். முனிராஜும் ஜெயலட்சுமியும் பிள்ளை ஓடுகிறாளே என்று சந்தோஷப்பட்டார்கள், அதில் என்ன தப்பு. சேலைக் கலரைச் சொன்னதைக்கூட விட்டுவிட்டேன். உன் மேடம் நான் பார்க்காத பொம்பளை.

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் அந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். காலையில் அவளுக்குக் கதவைத் திறப்பேன், இரவிலும் திறப்பேன், மகாவுக்கு அவள் தேவைப்படுகிற வரைக்கும் திறப்பேன். செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.

நோராவை.

அம்மா, பாஞ்சாலி.